டிவிடெண்ட் இ.டி.எஃப் வாங்கினால் மாதப் பணம் வருமா? செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஓய்வுபெற்ற ஒருவர் கைக்குப் பெரிய தொகை வந்தால், அது முதிர்ந்த எஃப்டியாக இருந்தாலும் சரி, பங்காளிகள் சேர்ந்து இடத்தை விற்றதில் வந்த பங்காக இருந்தாலும் சரி, அவர் கேட்கும் முதல் கேள்வி "இதிலிருந்து மாசாமாசம் எவ்வளவு வரும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியோடு தேடும்போதுதான் அதிக டிவிடெண்ட் (கம்பெனி தன் லாபத்தில் பங்குதாரருக்குக் கொடுக்கும் பணம்) தரும், விலை அதிகம் ஆடாத பங்குகளை மட்டும் எடுத்துக் கட்டிய இ.டி.எஃப் என்று ஒரு வகை கண்ணில் படுகிறது. நல்ல வகைதான், நானும் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்வதுண்டு. ஆனால் பெயரைப் பார்த்து நாம் எதிர்பார்ப்பது ஒன்று, கணக்கில் நடப்பது வேறொன்று. அதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் ஏமாற்றம் இருக்காது.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இ.டி.எஃப் என்பது ஒரு பங்குக் குறியீட்டை, அதாவது ஒரு விதிப்படி தேர்ந்தெடுத்த பங்குகளின் பட்டியலை, அப்படியே பின்பற்றும் ஃபண்ட். அதன் யூனிட்டுகளை பங்கு வாங்குவது போலவே சந்தை நேரத்தில், அதாவது காலை 9.15 முதல் மாலை 3.30 வரை, பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு வழியாக வாங்கலாம், விற்கலாம். ஒரு யூனிட் கூட வாங்க முடியும். எந்தப் பங்கு உள்ளே இருக்க வேண்டும் என்பதைக் குறியீட்டின் விதி முடிவு செய்கிறது, ஃபண்ட் மேனேஜரின் விருப்பம் அல்ல. அதனால் வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியது அந்த விதியைத்தான்.

முதல் படி: டிவிடெண்ட் ஈல்டு எப்படி வருகிறது என்று பாருங்கள்

ஒரு பங்கின் விலை 100 ரூபாய், ஆண்டு டிவிடெண்ட் 5 ரூபாய் என்றால் ஈல்டு 5%. அந்தக் கம்பெனிக்கு ஏதோ கெட்ட காலம், விலை 50 ரூபாய்க்கு விழுந்துவிட்டது என்று வையுங்கள். போன வருட டிவிடெண்டை வைத்துக் கணக்குப் போட்டால் ஈல்டு இப்போது 10% என்று காட்டும்! கம்பெனி ஒரு காசு கூடக் கூட்டிக் கொடுக்கவில்லை, முதல் போட்டவரின் பணம்தான் பாதியாகியிருக்கிறது. அடுத்த வருடம் டிவிடெண்டும் குறைந்தால் வட்டியும் போச்சு, முதலும் போச்சு. ஈல்டு அதிகம் என்று வரிசைப்படுத்திய பட்டியலில் மேலே நிற்பவற்றில் இந்த மாதிரிப் பங்குகள் தவறாமல் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் முதலில் கை வைப்பதும் அங்கேதான்.

நம் ஊருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ரங்கூன் மொகல் தெருவில் கூடி, பர்மாவில் கொடுக்கும் கடனுக்கு நடப்பு வட்டி நிர்ணயித்த நகரத்தார்களின் பேரன் பேத்திகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் விளைநிலத்தில் சுமார் 6% நகரத்தார் வசம் இருந்தது. நெல் விலை விழுந்து கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கட்ட முடியாமல் போனதும், பணத்துக்குப் பதில் நிலம் வந்து சேர்ந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது நான்கில் ஒரு பங்கு ஆகிவிட்டது. காகிதத்தில் பெரிய சொத்து. 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது, சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா அரசு நிலங்களைத் தேசியமயமாக்கியது. எத்தனையோ குடும்பங்களின் முதல் அங்கேயே நின்றுவிட்டது. நல்ல வட்டி, நம்பிக்கையான தொழில், அனுபவமுள்ள ஆட்கள் எல்லாம் இருந்தும் ஒரே நாடு, ஒரே பயிர் என்று குவிந்ததுதான் வினையானது. டிவிடெண்ட் ஃபண்டைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இந்தக் குவிப்பைத்தான். எத்தனை துறைகள் இருக்கின்றன, ஒரு துறைக்கு உச்சவரம்பு உண்டா?

அடுத்து, ஏற்ற இறக்கம் என்ற சல்லடை

விலை விழுந்ததால் ஈல்டு உயர்ந்து தெரியும் வலைக்கு, குறைந்த ஏற்ற இறக்கம் என்பது ஒரு மருந்து. விலை சரிந்துகொண்டே போகும் பங்கு பெரும்பாலும் தாறுமாறாக ஆடும், ஆகவே கடந்த ஓராண்டில் குறைவாக ஆடியவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் ஈல்டு பொய்யாக உயர்ந்த பங்குகள் கணிசமாக வெளியே போய்விடும்.

இரண்டையும் சேர்த்துச் செய்வதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் 2012 அக்டோபரில் தொடங்கிய இன்வெஸ்கோ நிறுவனத்தின் எஸ்பிஹெச்டி என்ற இ.டி.எஃப். அமெரிக்காவின் பெரிய 500 கம்பெனிகளின் குறியீடான எஸ் அண்ட் பி 500இல் அதிக ஈல்டு உள்ள 75 பங்குகளை முதலில் எடுக்கிறார்கள், ஒரு துறையிலிருந்து பத்துக்கு மேல் எடுப்பதில்லை. அந்த 75இல் குறைவாக ஆடிய 50 மட்டும் தங்குகின்றன. ஜனவரியிலும் ஜூலையிலும் பட்டியலை மாற்றுகிறார்கள். மாதாமாதம் டிவிடெண்டைப் பிரித்துக் கொடுக்கிறார்கள், செலவு விகிதம், அதாவது ஃபண்டை நடத்த ஆண்டுதோறும் பிடிக்கும் கட்டணம், 0.30%.

இவ்வளவு கவனமான விதி இருந்தும் 2020இல் என்ன ஆயிற்று தெரியுமா? எஸ் அண்ட் பி 500 டிவிடெண்டையும் சேர்த்து சுமார் 18% ஏறிய அந்த ஆண்டில் இந்த ஃபண்ட் சுமார் 10% இறங்கியது. கடந்த ஓராண்டில் அமைதியாக இருந்த எண்ணெய், வாடகைக் கட்டடம் போன்ற துறைகள்தான் கொரோனாவில் அதிகம் அடி வாங்கின, ஏறிய டெக்னாலஜிப் பங்குகளோ டிவிடெண்ட் குறைவு என்பதால் இதற்குள் வரவே இல்லை. இரண்டு வருடம் கழித்து 2022இல் சந்தை 18% விழுந்தபோது இது ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. இந்த இரண்டு வருடங்களையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த வகையின் குணம் புரியும். சந்தையோடு சேர்ந்து ஏறும் என்று எதிர்பார்க்கக் கூடாது, எப்போதும் விழாது என்றும் நம்பக் கூடாது.

இந்தியாவில் என்ன கிடைக்கிறது

இங்கே நாம் சுலபமாக வாங்கக்கூடியவை பெரும்பாலும் தனித்தனியாக இருக்கின்றன. டிவிடெண்ட் பக்கம் நிஃப்டி டிவிடெண்ட் ஆப்பர்ச்சூனிட்டீஸ் 50 குறியீட்டைப் பின்பற்றும் நிப்பான் இந்தியாவின் இ.டி.எஃப் இருக்கிறது. ஏற்ற இறக்கம் குறைந்த பக்கம் நிஃப்டி 100 லோ வொலட்டிலிட்டி 30 குறியீடு, அதாவது பெரிய நூறு கம்பெனிகளில் கடந்த ஓராண்டில் விலை குறைவாக ஆடிய 30. இதை ஒட்டி ஐசிஐசிஐ புருடென்ஷியல் 2017இல் ஒன்று தொடங்கியது, பிறகு மற்ற நிறுவனங்களும் கொண்டுவந்தன. இரண்டும் வேண்டும் என்றால் இரண்டிலும் கொஞ்சம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். என்னைக் கேட்டால், வயதானவர்கள் ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் லோ வொலட்டிலிட்டி போதும். டிவிடெண்ட் பக்கத்தில் நிலக்கரி, எண்ணெய், மின்சாரம் என்று அரசுக் கம்பெனிகளின் எடை கூடிவிடுகிறது, அரசின் ஒரு முடிவு அத்தனையையும் ஒன்றாகப் பாதிக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டிவிடெண்ட் என்று பெயர் வைத்த இந்திய இ.டி.எஃப் வாங்கினால், அந்த டிவிடெண்ட் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும் என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கம்பெனிகள் கொடுக்கும் டிவிடெண்ட் பெரும்பாலும் ஃபண்டுக்குள்ளேயே போய்ச் சேர்ந்து, அதில் மறுபடி பங்கு வாங்கி, உங்கள் யூனிட் மதிப்பைக் கூட்டுகிறது. பணம் எங்கும் காணாமல் போகவில்லை, கைக்கு வராது, அவ்வளவுதான். வாங்குவதற்கு முன் திட்ட ஆவணத்தில் பணப் பகிர்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது, இதுவரை கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

அப்படியே கொடுத்தாலும் தொகை எவ்வளவு இருக்கும்? நிஃப்டி 50இன் டிவிடெண்ட் ஈல்டு சமீப ஆண்டுகளில் ஒன்று, ஒன்றரை சதவீதம் என்ற அளவில்தான் இருக்கிறது. டிவிடெண்டுக்கென்றே பொறுக்கிய பங்குகளில் அதைவிடக் கூடும், ஆனாலும் எஃப்டி வட்டியோடு போட்டி போடும் அளவுக்கு இல்லை. பத்து லட்சம் போட்டு மாதம் ஏழாயிரம் வரும் என்று யாராவது டெலிகிராமில் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அப்படியானால் மாதப் பணம் எங்கிருந்து?

முதலில், கட்டாயம் தேவைப்படும் மாதச் செலவுக்குப் பங்குச் சந்தையை நம்ப வேண்டாம். 60 வயது தாண்டியவர்களுக்குத் தபால் அலுவலகத்திலும் வங்கியிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது, 30 லட்சம் வரை போடலாம், காலாண்டுக்கு ஒருமுறை வட்டி வரும். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2% ஆனது. அரிசி, பருப்பு, மருந்து, கரண்டு பில் எல்லாம் அதிலிருந்து வரட்டும். ஐந்து வருடத்துக்காவது தொட வேண்டாம் என்கிற பணம் மட்டும் இ.டி.எஃபுக்கு.

பிறகு, இ.டி.எஃபிலிருந்து பணம் வேண்டும் என்றால் நீங்களே யூனிட்டுகளை விற்று எடுத்துக்கொள்ளுங்கள். "முதலைத் தொடக்கூடாது" என்று வளர்ந்தவர்களுக்கு இதைக் கேட்டாலே மனசு ஒப்பாது, எனக்குத் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கம்பெனி 5 ரூபாய் டிவிடெண்ட் அறிவித்தால், எக்ஸ்-டேட் அன்று, அதாவது புதிதாக வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடைக்காத முதல் நாளில், அதன் பங்கு விலையும் ஏறக்குறைய அந்த 5 ரூபாய் குறைந்துதான் தொடங்குகிறது. கம்பெனியின் கஜானாவிலிருந்து வெளியே போகும் பணம் அது. ஆகவே டிவிடெண்டாக வாங்கினாலும், வளர்ந்த யூனிட்டில் கொஞ்சம் விற்று வாங்கினாலும், உங்கள் சொத்திலிருந்து வெளியே வருவது ஒரே பணம்தான்.

வரியில்தான் வித்தியாசம். 10 லட்சம் போட்டது 12 லட்சம் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் வருடத்துக்கு 48,000 ரூபாய்க்கு யூனிட் விற்கிறீர்கள். அந்த 48,000இல் ஆறில் ஒரு பங்கு, 8,000 மட்டும்தான் லாபம், மீதி நீங்கள் போட்ட பணம் திரும்பி வருவது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டில் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5%. ஓராண்டுக்குள் விற்றால் 20%. இது 2024 ஜூலை 23 முதல் உள்ள நிலை. அதே 48,000 டிவிடெண்டாக வந்திருந்தால் முழுத் தொகையும் உங்கள் வருமானத்தோடு சேரும், 30% வரம்பில் இருப்பவருக்கு 14,400 வரி, மேலே செஸ். வரியே கட்டத் தேவையில்லாத அளவு வருமானம் உள்ளவருக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. பென்ஷனும் வாடகையும் வருகிறவர்களுக்குப் பெரிது.

விற்பதையும் மாதாமாதம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு முறை விற்கும்போதும் டீமேட் பக்கம் ஒரு சிறிய கட்டணம் பிடிப்பார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை விற்றால் அது குறையும். இதுவே தொல்லை என்று தோன்றினால் அதே லோ வொலட்டிலிட்டி குறியீட்டைப் பின்பற்றும் இன்டெக்ஸ் மியூச்சுவல் ஃபண்டுகள் இருக்கின்றன, அவற்றில் எஸ்.டபிள்யூ.பி என்று எழுதிக் கொடுத்துவிட்டால் மாதம் இன்ன தேதியில் இவ்வளவு என்று தானாக வங்கிக்கு வந்துவிடும். டீமேட் கூட வேண்டாம். செல்போனில் ஆர்டர் போடத் தயங்குகிற பெரியவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். சந்தை பெரிதாக விழுந்த வருடத்தில் மட்டும் எடுக்கும் தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள், அந்த வருடத்துக்கு எஃப்டியில் தனியாகக் கொஞ்சம் இருக்கட்டும்.

டீமேட்டும் ஆர்டரும்

டீமேட் திறக்க பான், ஆதார், வங்கிக் கணக்கு போதும். உங்கள் பெயரில் ஒரே ஒரு டீமேட் இருந்து, அதில் உள்ளதன் மதிப்பு 4 லட்சத்துக்குள் என்றால் பேசிக் சர்வீசஸ் டீமேட் என்ற வகையில் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது, 4 முதல் 10 லட்சம் வரை 100 ரூபாய். கேட்டு வாங்குங்கள். பவர் ஆஃப் அட்டர்னி என்று ஏதாவது தாளை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், ஓ.டி.பியை யாரிடமும் சொல்லாதீர்கள், அது சொந்தத் தம்பி மகனாக இருந்தாலும் சரி.

ஆர்டர் போடும் இடம்தான் கவனமாக இருக்க வேண்டிய இடம், ஏனென்றால் இந்த வகை இ.டி.எஃப்களில் தினசரி வியாபாரம் நிஃப்டி இ.டி.எஃப் அளவுக்கு இருக்காது. தேவகோட்டையில் ஒரு ஆச்சி வீட்டில் உட்கார்ந்து அவர்கள் போனில் பார்த்தோம். கடைசி விலை 21.40 என்று காட்டியது. அதைத் தொட்டுக் கீழே இறக்கினால் விற்பவர்கள் பக்கம் முதல் வரிசையில் 21.45க்கு 200 யூனிட், அதற்கு அடுத்த வரிசை 21.90. ஆச்சிக்கு வேண்டியது 1,000 யூனிட். மார்க்கெட் ஆர்டர் போட்டிருந்தால் முதல் 200ஐ 21.45க்கும் மீதியை 21.90க்கும் அதற்கு மேலும் வாங்கித் தந்திருக்கும். ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் ஐநாவ் என்று ஒரு எண் சந்தை நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும், யூனிட்டுக்குள் இருக்கும் பங்குகளின் அந்த நேரத்து மதிப்பு அதுதான். அது 21.38.

"ஆச்சி, மார்க்கெட்டைத் தொடாதீங்க, லிமிட்ல 21.45 போடுங்க" என்றேன். லிமிட் என்றால் அந்த விலைக்கு மேல் கொடுத்து வாங்காத ஆர்டர்.

"உடனே கிடைக்காட்டி என்ன பண்றது தம்பி?"

"கிடைக்கிற வரைக்கும் இருக்கட்டும். இல்லாட்டி நாளைக்கு."

200 உடனே வந்தது, மற்றது மதியத்துக்குள் துண்டு துண்டாக வந்து முடிந்தது. ஐநாவுக்கு மேலே அரை சதவீதத்துக்கு அதிகமாகக் கொடுத்து வாங்க வேண்டிய அவசரம் நீண்ட கால முதலீட்டாளருக்கு எந்த நாளிலும் இல்லை. காலை முதல் பதினைந்து நிமிடமும் மாலை கடைசிப் பதினைந்து நிமிடமும் விலை இடைவெளி அதிகமாக இருக்கும், அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் போடாமல் ஆறு மாதம், ஒரு வருடம் என்று பிரித்துப் போடுங்கள். ஒரே குறியீட்டுக்கு இரண்டு மூன்று நிறுவனங்களின் இ.டி.எஃப் இருந்தால் செலவு விகிதம், குறியீட்டைவிட எவ்வளவு பின்தங்குகிறது, தினசரி வியாபாரம் ஆகிய மூன்றையும் பார்த்து எடுங்கள். வியாபாரம் குறைவாக உள்ளதை, செலவு கொஞ்சம் கம்மி என்பதற்காக எடுக்க மாட்டேன்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால்

1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் பாங்க் திறந்த ஊர் இது, கடல் தாண்டிய பணம் நமக்குப் பழக்கம்தான். இப்போதும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகள் "நான் எஸ்பிஹெச்டி வாங்கித் தரவா?" என்று கேட்கிறார்கள். அமெரிக்காவோடு வருமான வரி ஒப்பந்தம் இல்லாத அந்த நாடுகளில் வசிப்பவருக்கு அமெரிக்கா டிவிடெண்டில் 30% பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். இந்தியாவில் இருப்பவருக்கு ஒப்பந்தப்படி 25%, பிறகு இங்கே உங்கள் வரம்புப்படி வரி, அங்கே பிடித்ததை அதில் கழித்துக்கொள்ளலாம். இங்கிருந்து அனுப்பினால் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு 20% டி.சி.எஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள், ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெற வேண்டும். வெளிநாட்டுச் சொத்து என்று ரிட்டர்னில் காட்டவும் வேண்டும். அமெரிக்கப் பங்கு, ஃபண்ட் 60,000 டாலருக்கு மேல் இருக்கும்போது வைத்திருப்பவர் இறந்தால் அங்கே எஸ்டேட் வரியும் வரலாம். இத்தனையும் சுமந்துகொண்டு மாத டிவிடெண்டுக்காக அங்கே போவது, ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

கடைசியாக நாமினி. டீமேட் திறக்கும் அன்றே போட்டுவிடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று விட வேண்டாம். அப்படியே வீட்டில் இரும்புப் பெட்டியில் ஐயா காலத்துக் காகிதப் பங்குப் பத்திரங்கள் இருக்கின்றனவா என்றும் ஒருமுறை பாருங்கள், செட்டிநாட்டு வீடுகளில் இது அபூர்வமே இல்லை. ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்கப்படாமல் கிடந்தால் அந்த டிவிடெண்டோடு பங்கும் ஐ.இ.பி.எஃப் என்ற அரசு நிதிக்குப் போய்விடும். போய்விட்டாலும் வாரிசுகள் கேட்டு வாங்க வழி உண்டு. ஐ.இ.பி.எஃப் ஆணையத்தின் தளத்தில் பத்திரத்தில் உள்ள பெயரைப் போட்டுத் தேடி, இருந்தால் ஐ.இ.பி.எஃப்-5 படிவத்தை நிரப்பி, அதன் நகலையும் மற்ற ஆவணங்களையும் அந்தக் கம்பெனியின் நோடல் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பத்திரத்தில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த வேலையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள், தாமதம் ஆவது பெரும்பாலும் அங்கேதான்.